வலி தெரியாத விரல்கள்: கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோய் பற்றிக் கண்டுபிடித்தது என்ன?

தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானாக உதிரும். இன்னைக்கும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 80 வருஷத்துக்கு முன்னாடி டாக்டர்களே பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தச் சதையில் ஆபரேஷன் செய்தால் காயம் ஆறாது என்பது அவர்களின் முடிவு. அதனால் எலும்பு, மூட்டு டாக்டர்கள் யாரும் இந்த நோயாளிகளின் பக்கமே வரவில்லை.

அந்த முடிவு தப்பு என்று காட்டிய ஆராய்ச்சி நடந்தது நம்ம செங்கல்பட்டிலும் வேலூரிலும். செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள், வளர்ந்தது கொல்லிமலை. அவருடைய அம்மா வயதான காலத்தில் கல்வராயன் மலைக்கும் போய் வேலை செய்தவர். கள்ளக்குறிச்சி என்றதும் நமக்கு 2024 விஷச் சாராயச் சம்பவமும், கல்வராயன் மலையில் ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்ற செய்திகளும்தான் நினைவுக்கு வரும். அந்த மலைகளோடு சேர்ந்த இந்தக் கதை பலருக்குத் தெரியாது.

யார் இந்த பிராண்ட் குடும்பம்?

அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். இருவரும் கிறிஸ்தவ ஊழியத்துக்காக இந்தியா வந்தவர்கள். 1913-ல் திருமணம் முடிந்ததும் கொல்லிமலையில் குடியேறினார்கள். அப்போது மேலே போக வண்டிப்பாதை கிடையாது. நடக்கணும், இல்லையென்றால் டோலியில் ஆள் தூக்கிப் போகணும். மலைக்காய்ச்சல் என்று பெயர் வாங்கிய மலேரியாவுக்குப் பயந்து கீழே இருப்பவர்கள் மேலே ஏறவே யோசித்த காலம் அது.

ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. லண்டனில் ஒரு வருட மருத்துவப் பயிற்சி எடுத்திருந்தார், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், கட்டி கீறினார், நரம்புச் சிலந்திப் புழுவை இழுத்து எடுத்தார். தச்சு வேலையும் கட்டட வேலையும் அவருக்கு நல்லாவே தெரியும். மலைவாழ் மக்களுக்கு அதையும் கற்றுக்கொடுத்தார்.

பால் பிறந்தது 1914 ஜூலை 17. தங்கை பெயர் கோனி. இரண்டு குழந்தைகளும் மரம் ஏறி, மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தார்கள். பாலுக்கு டாக்டர் ஆகும் ஆசை அப்போது துளியும் இல்லை. அப்பா கட்டியைக் கீறும்போது வரும் சீழும் ரத்தமும் அவருக்கு அருவருப்பு.

சின்ன வயதில் மறக்க முடியாத ஒரு நாள் இருந்தது. தொழுநோய் வந்த மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எல்லா நோயாளியையும் வெறும் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கும் அப்பா, அன்னைக்குக் கையுறை போட்டுக்கொண்டார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். அம்மா ஒரு கூடையில் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடை எரிக்கப்பட்டது. எதற்கும் பயப்படாத அப்பாவே பயந்த நோய் என்று அந்தப் பையன் மனதில் பதிந்துபோனது.

9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அப்பாவை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் மலேரியாவின் கடுமையான வகையான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. தந்தி மூலம் செய்தி உடனே வந்துவிட்டது. ஆனா, இறப்பதற்கு முன்னாடி அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. மகனுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை.

கொத்தனார் வேலை டூ மெடிக்கல் காலேஜ்

பள்ளி முடித்த பால், அப்பா மாதிரியே கட்டட வேலை கற்றுக்கொள்ளப் போனார். கல் செதுக்குவது, மரவேலை, செங்கல் கட்டுவது என்று சில வருடங்கள். அவரைப் பற்றிச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனா பின்னாடி அவர் கையை ஒரு இயந்திரமாகப் பார்த்ததற்கும், எந்தக் கயிறு எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணக்குப் போட்டதற்கும் இந்த அனுபவம் நிறையவே உதவியிருக்க வேண்டும்.

ஊழியத்துக்குப் போகும் முன் அப்பா படித்த அதே ஒரு வருட மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், ரத்தம் இழந்து உயிர் போகும் நிலையில் கிடந்த இளம்பெண், ரத்தம் ஏற்றியதும் கண் திறந்ததைப் பார்த்தார். சீழ், ரத்தம் என்றாலே ஓடியவர் மனசு அங்கே மாறியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் சேர்ந்தார். கூடப் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-ல் திருமணம் செய்தார். இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம் அது. லண்டனில் குண்டு விழுந்து கையும் காலும் சிதைந்து வந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்தே அவர் சர்ஜன் ஆனார்.

வேலூர் சி.எம்.சி.யின் பொறுப்பில் அப்போது இருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயில் உலக அளவில் பெயர் பெற்றவர். அவர் கூப்பிட்டதன் பேரில் 1946 இறுதியில் பால் பிராண்ட் வேலூர் வந்தார். மார்கரெட் அடுத்த வருடம் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டில் அந்த ஒரு கைப்பிடி

1947-ல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இப்போது திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக இருக்கும் இடம்தான் அது. நோயை அடக்க சல்ஃபோன் மருந்துகள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. கிருமி செத்தாலும், மடங்கிய விரல் மடங்கியபடியே இருந்தது. செருப்பைக் கழற்ற முடியாமல், சோற்றைப் பிசைய முடியாமல் அங்கே பல பேர் இருந்தார்கள்.

ஒரு எலும்பு டாக்டர் என்ற முறையில் பிராண்ட் கேட்ட கேள்வி சாதாரணமானது. இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன, யாராவது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா? காக்ரேனின் பதில் அவரை உலுக்கியது. உலகில் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கும் நோய் இது, போலியோவை விட அதிகமானவர்களைக் கை கால் முடங்க வைக்கும் நோய். ஆனா எலும்பு டாக்டர் ஒருவர்கூட இதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அங்கே இருந்த ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செயலிழந்த கைதானே, லேசாகத்தான் பிடிக்கும் என்று நினைத்தார். அந்த ஆள் பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலித்தது. நகம் பதிந்தது. தான் இவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை.

இந்த ஒரு கைப்பிடியிலேயே இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, கையில் நல்ல பலமுள்ள தசைகள் உயிரோடு இருக்கின்றன. இன்னொன்று, அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை. முதல் விஷயம் அவரை உடனே ஆபரேஷன் பக்கம் திருப்பியது. இரண்டாவதன் முழு அர்த்தம் புரிய இன்னும் சில வருடங்கள் ஆனது.

விரல் ஏன் மடங்குது? சிம்பிளா சொன்னா...

நம்ம விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் விரல் வரை ஓடுகின்றன. உள்ளங்கைக்குள் இன்னொரு கூட்டம் சின்னச் சின்னத் தசைகள் உண்டு. பேனா பிடிக்க, சோறு எடுக்க, பட்டன் போட விரலை நிமிர்த்திச் சமநிலையில் வைப்பது இந்தச் சின்னத் தசைகள்தான்.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கும். ஆனா எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாக்காது. செங்கல்பட்டில் இறந்த ஒரு நோயாளியின் உடலில் தோள் முதல் விரல் வரை நரம்புகளைத் திறந்து பார்த்தது பிராண்ட் குழு. முழங்கைக்குச் சற்று மேலே ஒரு வீக்கம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இன்னொரு வீக்கம். காலில் முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் அதே கதை. நடுவில் ஆழமாகப் போகும் நரம்பு நல்லா இருக்கு.

கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். தோலுக்கு அருகில் நரம்பு வரும் இடங்களில் உடல் சூடு கொஞ்சம் குறைவு. அங்கேதான் அது பெருகுகிறது. நரம்பு வீங்கி, நசுங்கி, அதற்குக் கீழே போகும் கட்டளை நின்றுவிடுகிறது. அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செத்துவிடுகின்றன. அந்த வீக்கத்துக்கு மேலேயே நரம்புக் கிளை வாங்கிக்கொண்ட முன்கைத் தசைகள் பலவும் தப்பித்துவிடுகின்றன. ஒரு பக்கம் இழுக்க ஆள் இருக்கு, எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் இல்லை. விரல் கழுகின் நகம் மாதிரி வளைந்துவிடுகிறது.

காரணம் தெரிந்தால் வழியும் கிடைக்கும். பிழைத்திருக்கும் ஒரு தசைநாணை எடுத்து, செத்துப்போன தசையின் வேலையை அதற்குக் கொடுக்கலாம். விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் இருப்பதால், ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று மடக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். போரில் காயம்பட்ட கைகளுக்கு இந்த முறை ஏற்கெனவே தெரியும். தொழுநோய்க் கைக்கு யாரும் செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிராண்ட் முதலில் அதைச் செய்தார். பிறகு மணிக்கட்டைத் தூக்கும் ஒரு தசையை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் அதை நீட்டி, நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொண்டுபோகும் முறையை உருவாக்கினார். கை அறுவை சிகிச்சைப் பாடப் புத்தகங்களில் அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஆபரேஷன் பாதி வேலைதான். அதற்கு முன்னாடி இறுகிப்போன மூட்டுகளை எண்ணெய் தேய்த்து, மெழுகு ஒற்றடம் கொடுத்து இளக்கணும். அப்புறம் மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரித்த பிறகு, இதுவரை ஒரு வேலை செய்த தசையை இன்னொரு வேலை செய்ய மூளைக்குப் பழக்கணும். இந்தப் பயிற்சிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் ரூத் தாமஸ் பெரிய துணையாக இருந்தார். சர்ஜனின் பெயரை நினைவில் வைக்கும் நாம், இவர்களை மறந்துவிடுகிறோம்.

ஆபரேஷன் செய்த காயம் ஆறியதா? சாதாரண மனிதர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. அழுகும் சதை என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் கண்டது.

கை நிமிர்ந்தது, பிச்சை குறைந்தது

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்தார்கள். கை நல்லா இருக்கு, ஆனா வருமானம் போச்சு என்பது அவர்கள் குறை. மடங்கிய கையைப் பார்த்தால்தான் யாராவது காசு போடுவார்கள். நிமிர்ந்த கைக்குப் பிச்சை இல்லை. தொழுநோய்த் தழும்பு உள்ளவருக்கு வேலையோ, தங்க வீடோ கொடுக்கவும் ஆள் இல்லை. பஸ்ஸில் ஏற்றக்கூட மறுத்த காலம்.

அதனால் வேலூர் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் ஒரு சின்னக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. மண் சுவர் வீடுகள், ஒரு தச்சுப் பட்டறை. ஆபரேஷன் முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கி மரப் பொம்மை, மேஜை நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் அந்தப் பழைய கட்டட வேலைக்காரரும் ஒருவர்.

அந்தப் பட்டறைதான் அவருடைய உண்மையான ஆராய்ச்சிக்கூடம் என்று சொல்லலாம்.

விரல் எங்கே போகுது?

பட்டறையில் ஒரு நாள். பொருட்கள் வைத்த அறையின் பூட்டு துருப்பிடித்து, சாவி திரும்பவில்லை. பிராண்ட் முயற்சி செய்தும் முடியவில்லை. பக்கத்தில் இருந்த மெலிந்த பையன் ஒருவன் வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று வியந்தவர் கீழே பார்த்தார். தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரலில் தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

நமக்கு சாவி திருப்பும்போது ஒரு கட்டத்தில் வலிக்கும், விட்டுவிடுவோம். அந்தப் பையனுக்கு நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

அதற்குப் பிறகு பிராண்ட் குழு துப்பறியும் வேலையில் இறங்கியது. நிலையத்தில் இருந்தவர்களின் கை கால்களை அடிக்கடி பரிசோதித்தார்கள். ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலும் எப்படி வந்தது என்று பின்தொடர்ந்தார்கள். சுத்தியல் பிடி, சூடான டம்ளர், அடுப்பிலிருந்து கையால் எடுத்த சட்டி, செருப்புக்குள் கிடந்த ஆணி, கால் கடுக்க நடந்த நடை என ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் சிக்கியது. தானாக வந்த காயம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரே ஒரு புதிர் பாக்கி. ராத்திரி நல்லா இருந்த விரலில் காலையில் ஒரு துண்டு காணோம். எங்கே போச்சு? ராத்திரி காவல் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, அவருக்கு வலிக்கவில்லை, கை அசையவில்லை, எலி தொடர்ந்து தின்கிறது. படிக்கவே கஷ்டமாக இருக்கும். தீர்வு ரொம்ப எளிது: பூனை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்ற வழக்கம் வந்தது.

விரல் குட்டையாவதும் இதே கணக்குதான். விரல் கழன்று விழுவதில்லை. காயம் படுகிறது, தெரியாததால் அதே விரலை மறுபடி பயன்படுத்துகிறார்கள், சீழ் பிடிக்கிறது, உள்ளே எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால்தான் குட்டையான விரலின் நுனியிலும் பலருக்கு நகம் அப்படியே இருக்கும். மூட்டுகளுக்கும் இதுதான் நடக்கிறது. கணுக்கால் சுளுக்கினால் நாம் நொண்டுவோம், அதுதான் மூட்டைக் காப்பாற்றுகிறது. நொண்டத் தெரியாத கால் உடைந்த எலும்போடு நடந்துகொண்டே இருக்கும். கடைசியில் மூட்டே நொறுங்கிவிடும்.

பாதப் புண்ணுக்கு ஓய்வுதான் முதல் மருந்து என்றும் இதிலிருந்து தெரிந்தது. புண்ணுக்கு மேலேயே மாவுக்கட்டு போட்டுவிட்டால், பாரம் பரவி, பல மாதமாக ஆறாத புண்ணும் ஆறியது. இலங்கையில் சர்ஜன் மில்ராய் பால் இதை முன்னாடியே செய்து பார்த்திருந்தார். வேலூர் குழு அதைப் பெரிய அளவில் கொண்டுபோனது. ஆறிய புண் மறுபடி வராமல் இருக்க மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு. இன்னைக்கு செருப்புக்கடையில் எம்.சி.ஆர். என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த ரப்பர்தான்.

அந்த ஒரு ராத்திரி

இவ்வளவு தெரிந்த மனிதருக்கும் பயம் விடவில்லை. 1950-களில் வெளிநாட்டுப் பயணம் முடிந்து லண்டன் வந்த ஒரு இரவு. ரயிலில் ரொம்ப நேரம் கால் மடக்கி உட்கார்ந்து வந்த களைப்பு. அறையில் சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை.

தினமும் நோயாளிகளோடு இருப்பவர். தனக்கும் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டார். மனைவி, குழந்தைகளைப் பிரிய வேண்டும், ஆபரேஷன் செய்ய முடியாது என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசி எடுத்து ஆழமாகக் குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரு நரம்பு அழுந்தி மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வலிக்காக ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க முடியாது. வெகு நாள் அதை யாரிடமும் சொல்ல அவர் கூச்சப்பட்டார். அந்த ஒரு இரவில்தான் தன் நோயாளிகள் எப்படி உணர்வார்கள் என்பது அவருக்கு உள்ளே இறங்கியது.

மலையை விட்டு இறங்காத அம்மா

இந்தக் காலம் முழுக்க எவலின் என்ன செய்தார்? கணவர் இறந்த பிறகும் இந்தியா திரும்பினார். வயது 68 ஆனபோது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வெடுக்கவில்லை. சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறினார். கொல்லிமலையைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் போக வேண்டும் என்பது கணவரோடு சேர்ந்து எடுத்த முடிவு. அப்படித்தான் பச்சைமலையும் கல்வராயன் மலையும் அவருடைய பாதையில் வந்தன. குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போவார். கால் பலம் குறைந்ததும் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டார். நரம்புச் சிலந்தி வராமல் தண்ணீரை வடிகட்டக் கற்றுக்கொடுப்பது, மருந்து கொடுப்பது, ஜெபம் என்று நாள் போகும். மலை மக்கள் அவரைப் பாட்டி என்றே கூப்பிட்டார்கள்.

75 வயதில் மலையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ராத்திரி முழுக்க வலியோடு தரையில் கிடந்தவரைக் காலையில் ஒரு வேலையாள் பார்த்தார். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து நான்கு பேர் மலைப்பாதையில் தூக்கி இறக்கி, பிறகு ஜீப்பில் குண்டும் குழியுமான சாலையில் 150 மைல். மகன் நாட்டிலேயே பெயர் பெற்ற எலும்பு டாக்டர், ஆனா அம்மா அவரிடம் வந்து சேர அவ்வளவு நேரம் ஆனது. மலைக் கிராமங்களிலிருந்து நோயாளியைக் கட்டிலில் தூக்கி வரும் வீடியோக்கள் இன்னும் நம்ம மொபைலுக்கு வந்துகொண்டுதானே இருக்கின்றன.

மலையிலிருந்து இறங்கி வந்துவிடும்படி மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. 1974-ல், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வேலூரிலிருந்து அமெரிக்கா

1952-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அவரை ஹன்டேரியன் பேராசிரியராக அழைத்தது. 1955-ல் வேலூர் அருகே கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. 1960-ல் லாஸ்கர் விருது, அடுத்த வருடம் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம். மார்கரெட் கண் டாக்டராகி, இமை மூட முடியாமல் பார்வை இழக்கும் தொழுநோயாளிகளுக்காகவே தன் வாழ்நாளைச் செலவிட்டார்.

அவரிடம் படித்தவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி ஒரு பத்தியாவது சொல்லணும். கேரளத்துக்காரர். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. சர்ஜன் ஆகும் கனவு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, உட்கார்ந்தபடியே கை ஆபரேஷன் செய்யலாமே என்று வழி காட்டினார் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார் மேரி. பிறகு நியூயார்க்கில் பயிற்சி பெற்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ.

1966-ல் பிராண்ட் குடும்பம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் இருந்த அரசு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனது. அங்கே 20 வருடம். கையில் பணமும் இன்ஜினியர்களும் இருந்ததால் ஒரு புது முயற்சி. வலி இல்லாதவர்களுக்குச் செயற்கை வலி செய்தால் என்ன? கையுறையிலும் சாக்ஸிலும் சென்சார் வைத்து, அழுத்தம் அதிகமானால் சத்தம் வரும்படி செய்தார்கள். நோயாளிகள் சத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை. உடம்பில் உணர்ச்சி உள்ள இடத்தில் ஷாக் அடிக்கும்படி வைத்தார்கள். முக்கியமான நேரத்தில் நோயாளிகள் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டார்கள். வருடக்கணக்கில் உழைத்த திட்டம் கைவிடப்பட்டது. அணைக்கிற சுவிட்ச் நம்ம கையில் இருந்தால் அது வலி ஆகாது என்று பிராண்ட் புரிந்துகொண்டார். தோற்ற ஆராய்ச்சியையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

எலியின் பாதத்தை இயந்திரத்தால் லேசாக, ஆனா ஆயிரக்கணக்கான தடவை அழுத்திப் பார்த்ததும் அங்கேதான். ஒரு தடவை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. தினமும் அதே இடத்தில் விழுந்தால் சிவந்து, வீங்கி, புண்ணாகிறது. நாம் நடக்கும்போது அறியாமலேயே பாதத்தின் பாரத்தை மாற்றி மாற்றி வைக்கிறோம். உணர்ச்சி இல்லாத கால் அதைச் செய்யாது.

சர்க்கரை நோயாளிக்கு இதில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. சர்க்கரை நோய் வெகு நாள் இருந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். கிருமி வேற, நோய் வேற, ஆனா கால் போகும் விதம் ஒன்றுதான். கார்வில்லில் பிராண்ட் குழு சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் இதே கண்ணால் பார்த்தது. மாவுக்கட்டு, மெத்தென்ற செருப்பு, தினமும் பாதத்தைப் பார்ப்பது என்று தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம் அங்கே போனது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களின் கால்களுக்கும் இது தேவைப்படுகிறது.

1986-ல் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் குடியேறினார். அங்கே பல்கலைக்கழகத்தில் எலும்பியல் பேராசிரியர். கையின் இயக்கம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைக் கை சர்ஜன்கள் இன்றும் படிக்கிறார்கள். 2003 ஜூலை 8-ல் இறந்தார். 89-வது பிறந்தநாளுக்கு 9 நாள்தான் பாக்கி. கீழே விழுந்ததில் மூளையைச் சுற்றி ஏற்பட்ட ரத்தக்கசிவு காரணம்.

இப்போ நிலைமை என்ன?

1980-களில் வந்த கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோயை முழுசாகக் குணப்படுத்த முடிகிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும்.

சட்டம்தான் ரொம்ப மெதுவாக வந்தது. 1898-ம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு போனது 2019-ல்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வடதொரசலூரில் லெப்ரசி மிஷன் மருத்துவமனை இருக்கிறது. பிராண்ட் 1990-களில் உலகத் தலைவராக இருந்த அதே அமைப்பு. கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். தோலில் நிறம் மங்கிய தேமல், அதில் தொட்டாலோ கிள்ளினாலோ தெரியாமல் இருப்பது, கை கால் மரத்துப்போவது, சுண்டு விரல் மடங்க ஆரம்பிப்பது, கண் இமை சரியாக மூடாமல் இருப்பது. இதில் எது இருந்தாலும் காட்டணும். நரம்பு சாவதற்கு முன் வந்தால் விரல் மடங்காமலே தடுக்க முடியும். ஏற்கெனவே மடங்கியிருந்தால், தசைநாண் மாற்று ஆபரேஷன் இன்றும் செய்கிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்க. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்துத் தெரிகிறதா என்று கேட்பார்கள். இரண்டு நிமிஷ வேலை. வீட்டில் ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்க, செருப்பு போடும் முன் உள்ளே கை விட்டு ஒரு தட்டு தட்டுங்க.